உஷார்! கிள்ளான்காரருக்குச் சென்னை விலாசம் எழுதுகிறது எந்திரம்

தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் செயலி உங்கள் வீட்டுத் திறன்பேசிக்கும் வந்துவிட்டதா? பிள்ளைகள் அதை வைத்துக் கட்டுரை எழுதுகிறார்களா? பாட்டி கால் வலிக்கு மருந்து கேட்கிறாரா? மாப்பிள்ளை ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுப்பது பற்றி விசாரிக்கிறாரா? அப்படியானால் உஷார். மலேசியாவில், கிள்ளானில் உட்கார்ந்து நீங்கள் கேட்கிற கேள்விக்கு, சென்னையில் இருப்பவருக்கு உரிய பதிலை அது தூக்கிக் கொடுத்துவிடும். அதுவும் கொஞ்சம்கூடத் தயங்காமல்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கவலை இல்லை. அன்றைய எந்திரத் தமிழைப் படித்தால் சிரிப்பு வரும். எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம் என்று கிடக்கும். அதை நம்பி யாரும் காரியத்தில் இறங்கவில்லை. இன்றைக்கு வருகிற தமிழில் ஒற்றுப்பிழைகூடக் குறைவு. நன்றாகப் பேசுகிறவர் சரியாகத்தான் சொல்வார் என்று நம்புவது நம்முடைய பழைய பலவீனம். மேடைப் பேச்சைக் கேட்டே பாதி ஏமாந்த சமூகம் அல்லவா!

ஓர் இலவசச் செயலியில், கல்யாணம் நிச்சயமான பெண் கேட்பது போல ஒரு கேள்வியைத் தட்டிப் பார்த்தேன். "ஆலயத்தில் ஐயர் வைத்து, சொந்தபந்தம் பார்க்கத் தாலி கட்டிவிட்டால் சட்டப்படி கல்யாணம் செல்லுமா?" மளமளவென்று பதில் வந்தது. தாராளமாகச் செல்லுமாம். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் என்றது. பதிந்துகொள்வது நல்லது, பதியாமல் விட்டாலும் திருமணம் செல்லாமல் போகாது என்றது. ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னது. கடைசியில் இல்லறம் இனிக்க வாழ்த்து வேறு.

தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு இதில் பெரிய பிசகு இல்லை. அங்கே 1967-ல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்கே சட்டத்தில் இடம் கொடுத்துவிட்டது. ஐயர்கூட வேண்டாம், உற்றார் உறவினர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டால் போதும். நம் ஊர்க் கதை வேறு. 1976-ல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை அந்தச் சட்டம் வகுத்த வழியில்தான் நடத்தி வைக்க முடியும். முறையாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது 21 நாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு பதிவதிகாரி முன்னிலையிலோ, துணைப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர் இருக்கிற ஆலயத்திலோ கையெழுத்தாக வேண்டும். ஜாலான் தெங்கு கிளானாவில் சேலை எடுத்து, நகை எடுத்து, மாலைக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு, இதை மட்டும் விட்டுவிட்டால், தேசியப் பதிவிலாகாவின் ஏட்டில் அந்தப் பெண் இன்னும் திருமணமாகாதவர்தான்.

அதனால் என்ன என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அப்பா மலேசியர். அம்மா தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர். திருமணம் சட்டப்படி நடக்கவில்லை. பிறக்கும் பிள்ளைக்கு அப்பாவின் குடியுரிமை சேராது, அம்மாவின் நாட்டைத்தான் பார்ப்பார்கள். அடையாள அட்டை இல்லாமல், பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைந்து, மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் கட்டி, இலாகா வாசலில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கிற குடும்பங்கள் நம் சமூகத்தில் எத்தனை என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள எந்தச் சேவை மையத்திலும் கேட்டுப் பாருங்கள். அந்த வரிசையில் இன்னொரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்த, நல்ல தமிழில் வந்த ஒரு பதில் போதும்.

இது எங்கிருந்து வருகிறது? இணையத்தைத் துருவித் திரட்டிய எழுத்தைத் தின்றுதான் இந்த மொழி மாதிரிகள் வளர்கின்றன. காமன் கிரால் என்ற பொதுத் திரட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஆங்கிலம். தமிழ் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இத்தனை கோடிப் பேர் பேசுகிற மொழியை ஆய்வாளர்கள் தரவு குறைந்த மொழிகளின் பட்டியலில் வைத்திருப்பது இதனால்தான். அந்தத் துளித் தமிழிலும் நாம் எங்கே? மலேசிய இந்தியர் ஏறக்குறைய 20 லட்சம். தமிழ்நாட்டில் ஏழு கோடிக்கு மேல். நாளிதழ், சினிமா, நீதிமன்றத் தீர்ப்பு, அரசாணை, ராசிபலன் என்று அங்கிருந்து கொட்டுகிறது. நம்முடைய தமிழ் நேசன் நாளிதழோ 1924-ல் தொடங்கி 2019-ன் தொடக்கத்தில் மூடப்பட்டது. தோட்டத்துச் செய்தி, சங்கத் தேர்தல் சண்டை, மரண அறிவிப்பு, வாசகர் கடிதம் என்று ஏறத்தாழ 95 ஆண்டு வாழ்க்கை அதில் இருக்கிறது. இந்த எந்திரங்கள் படித்து வளர்ந்தது அதை அல்ல.

மொழிக் குறை சீக்கிரம் தீர்ந்துவிடும், அதைப் பற்றி நான் அலறவில்லை. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது, முன்பு எந்திரம் 116 துண்டுகளாக நறுக்கிப் படித்த ஒரு தமிழ் வாசகம் இப்போது 35 துண்டுகளில் அடங்குகிறது என்று காட்டியது. அத்தனை வேகம். தமிழ் நாளுக்கு நாள் மெருகேறும். ஊர்தான் மாறாது. மெருகு ஏற ஏற, ஊர் தப்பு என்பது கண்ணில் படுவதும் குறையும்.

சரி, இதைத் திருத்த யாரும் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பண்பாட்டுப் பொருத்தம் என்ற பெயரில் உலகப் பல்கலைக்கழகங்களில் இப்போது ஒரு பெரிய ஆய்வுத் துறையே எழுந்திருக்கிறது. முனைவர் பட்டம் முடித்த இளையவர்களை ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, தரவு குறைந்த மொழிகளில் இந்த மாதிரிகள் அந்தந்த மக்களின் வழக்கத்துக்கு ஒத்துப் பேசுகின்றனவா என்று சோதிக்கச் சொல்கிறார்கள். நல்ல வேலைதான். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அரபு மொழியில் ஒரு சோதனை வைத்தார்கள். மக்ரிப் தொழுகை முடிந்து நண்பர்களோடு என்ன குடிக்கப் போகிறேன் என்ற வாக்கியத்தை முடிக்கச் சொன்னால், மாதிரிகள் மதுவைக் கொண்டுவந்து வைத்தன. அரபு இலக்கணம் சுத்தம். அரபு வீடு தெரியவில்லை. இப்படி ஓட்டையைக் கண்டுபிடித்துக் காட்டுகிறவர்களை நாம் கும்பிட வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வுக்குள்ளேயே நம்மை விழுங்கக்கூடிய ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

ஒரு பண்பாட்டை அளப்பதற்கு ஆய்வாளருக்கு ஓர் அலகு வேண்டும். பெரும்பாலும் அவர்கள் எடுப்பது நாட்டை. 2024-ல் வெளியான பெயர்பெற்ற ஆய்வு ஒன்று, 107 நாடுகளின் மக்கள் மனப்பாங்குக் கணிப்புகளை எடுத்துக்கொண்டு, ஜிபிடி மாதிரிகளின் மனப்போக்கு எந்த நாட்டுக்கு நெருக்கம் என்று பார்த்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கும் புராட்டஸ்டண்ட் ஐரோப்பாவுக்கும் நெருக்கம் என்று தெரிந்தது. "நீ இன்ன நாட்டுக்காரனாக இருந்து பதில் சொல்" என்று முன்கூட்டிச் சொன்னால், பத்துக்கு ஏழெட்டு நாடுகளில் பொருத்தம் கூடியது. சந்தோஷம். அதையே மலேசியாவுக்குச் செய்யுங்கள். மக்கள்தொகை விகிதப்படி ஆயிரம் மலேசியரைக் கணிப்புக்கு எடுத்தால் அதில் இந்தியர் அறுபத்தைந்து, எழுபது பேர் இருப்பார்கள். சராசரி போட்டால் அந்தக் குரல் கரைந்துவிடும். "மலேசியராகப் பதில் சொல்" என்றால் வருவது பெரும்பான்மையினரின் மலேசியா. "தமிழராகப் பதில் சொல்" என்றால் வருவது தமிழ்நாடு. காப்பார் சாலையில் குடியிருக்கிற தமிழர் இந்த இரண்டு சராசரிக்கும் நடுவில் காணாமல் போகிறார்.

உள்நாட்டு முயற்சிகளாவது காப்பாற்றுமா? மலேசியாவில் மெசோலித்திக்கா நிறுவனத்தின் மல்லாம், ஒய்டிஎல் நிறுவனம் 2025 ஆகஸ்டில் அறிமுகப்படுத்திய இல்மு எல்லாம் மலாய் மொழியை முன்னிறுத்தி வளர்ந்தவை. தேசிய மொழி, நியாயம்தான். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சி மொழி என்பதால் ஏஐ சிங்கப்பூர் அமைப்பின் சீ-லயன் மாதிரியில் தமிழ் இருக்கிறது. அது நமக்குப் பெரிய உபகாரம், நன்றியோடு சொல்கிறேன். ஆனாலும் அந்த அமைப்பு 2023-ல் 'பாஷா' என்ற சோதனைத் தொகுப்பை வெளியிட்டபோது, தமிழ்ப் பகுதியின் பல தேர்வுகள் இந்தியாவில் தொகுக்கப்பட்ட தரவிலிருந்துதான் எடுக்கப்பட்டன. அவற்றில் சில, ஆங்கிலக் கேள்விகளை மொழிபெயர்த்தவை. வேறு எங்கே போவார்கள், கையில் அதுதானே இருக்கிறது! சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்தியாவின் 145 மாவட்டங்களில் 16,000-க்கும் மேற்பட்டவர்களிடம் குரல் சேகரித்து 2024-ல் வெளியிட்டது. மலைக்க வைக்கும் உழைப்பு. 145 மாவட்டங்களில் கிள்ளான் மாவட்டம் இருக்க வழியில்லை.

இனி, இந்த மாதிரிகளைச் சோதிக்கிறவர்கள் கையில் வைத்திருக்கும் விடைத்தாளுக்கு வருகிறேன். எந்திரத்துக்கு ஒன்று தெரியவில்லை என்றால் பிறகு கற்றுக்கொடுத்துவிடலாம். சரி எது, தவறு எது என்று குறிக்கிற விடைத்தாளிலேயே நாம் தவறாகிவிட்டால் அதைத் திருத்துவது மகா கஷ்டம். ஒரு கேள்வியை நினைத்துப் பாருங்கள்: தீபாவளி அன்று வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் என்ன கொடுப்பார்கள்? பத்துப் பேரிடம் கேட்டு, அதிகம் பேர் சொன்னதைச் சரியான விடையாக வைப்பது வழக்கம். பத்தில் ஒன்பது பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பலகாரம், புதுத்துணி, பட்டாசு என்று எழுதுகிறார்கள். பத்தாவது ஆள் பந்திங்கிலோ பிரிக்பீல்ட்ஸிலோ இருந்து "அங்பாவ்" என்று எழுதுகிறார். நமக்குத் தெரியும், நம் வீட்டுப் பிள்ளைகள் தீபாவளிக்கு முதலில் எண்ணிப் பார்ப்பது அந்தப் பண உறைகளைத்தான். வங்கிகளே தீபாவளிக்கென்று தனி உறை அச்சடித்துத் தருகின்றன. ஆனால் திருத்துகிறவரின் கணக்கில் அங்பாவ் சீனர் வழக்கம், ஆள் குழம்பிவிட்டார். அந்த விடையை இரைச்சல் என்று பெயர் வைத்து வடிகட்டி எறிந்துவிடுவார்கள். மேலும் ஒரு படி போய், யாருடைய விடை அடிக்கடி மற்றவர்களோடு ஒத்துவரவில்லையோ அவரையே வேலையிலிருந்து நீக்குகிற ஏற்பாடும் இதில் உண்டு.

அதன் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். நாளை ஒரு மாதிரி உண்மையிலேயே கிள்ளான் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு அங்பாவ் என்று சொன்னால், அந்த விடைத்தாளின்படி அதற்கு மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் பொறியாளர் அதைத் திருத்துவார். சரியாகப் பேசியது தவறாகப் பேசும் வரை திருத்துவார். இதற்குப் பெயர் பண்பாட்டுப் பொருத்தம்!

ஆய்வாளர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒப்பந்தம் குறுகியது. அதற்குள் கட்டுரை வெளிவர வேண்டும், அடுத்த வேலை தேட வேண்டும். ஊர் ஊராகப் போய்க் கேள்வி தொகுக்க நேரமும் பணமும் இல்லை. அதனால் குறுக்கு வழி இழுக்கும். ஏற்கெனவே உள்ள ஆங்கிலத் தேர்வை மொழிபெயர்ப்பது ஒரு வழி. எந்திரத்தையே பண்பாட்டுக் கேள்வி எழுதச் சொல்லி, இன்னொரு எந்திரத்தை விட்டுத் திருத்துவது இன்னொரு வழி. தமிழ் தெரிந்தவர் என்று பதிந்திருக்கிற யாரையாவது இணையத்தில் கூலிக்குப் பிடிப்பது மூன்றாவது. பிலிப்பைன்ஸ் விஷயத்தில் இப்படிச் செய்யவில்லை. 2024-ல் ஏஐ சிங்கப்பூர் வெளியிட்ட கலாஹி தொகுப்புக்கு, பிலிப்பினோ மக்களே உட்கார்ந்து 150 கேள்விகளைக் கையால் எழுதினார்கள். வெறும் 150. நம்மால் முடியாதா?

இந்தக் குறுக்கு வழி தமிழுக்குப் புதிய அடியும் அல்ல. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலி கொடுத்து, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியோடு, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழில் கொண்டுவந்து குவித்தது. எண்ணிக்கை ஏறியது. எந்தத் தலைப்பு தமிழருக்குத் தேவை என்று யாரும் கேட்கவில்லை. வாக்கியங்கள் முறுக்கிக்கொண்டு நின்றன, திருத்தும் பாரம் முழுக்கத் தன்னார்வலர் தலையில் விழுந்தது. தமிழ் விக்கிப்பீடியர்கள் சும்மா இருக்கவில்லை. நிறுவனத்தோடு பேசினார்கள், நெறிமுறை கேட்டார்கள். 2010-ல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அ. ரவிசங்கர் இதை ஆய்வாகவே முன்வைத்தார். ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவுக்கு அப்படிக் காவல் இல்லை. அந்த மொழியே சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்கச் சிறுவன் ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆங்கிலத்தை உருமாற்றி எழுதித் தள்ளியிருந்தது 2020-ல்தான் வெளியே வந்தது. அதற்குள் அதுதான் ஸ்காட்ஸ் என்று எத்தனை எந்திரம் படித்துவிட்டதோ!

இன்று இந்தச் சுழல் இன்னும் வேகம். 2024-ல் அமேசான் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, தரவு குறைந்த மொழிகளில் இணையத்தில் கிடக்கிற எழுத்தில் பெரும்பங்கு எந்திர மொழிபெயர்ப்பு என்று காட்டியது. செயலி எழுதிய "மலேசியத் தமிழர் திருமணம்" கட்டுரையை யாரோ முகநூலில் போடுவார். அடுத்த மாதிரி அதைப் படிக்கும். எழுதியது யார் என்பது அதற்குள் மறந்தே போயிருக்கும்.

கல்யாணம், தீபாவளி மட்டும் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் நாலு பேர் சிரித்துவிட்டுப் போகிற கேலி இங்கே விவகாரமாகும். சமயத்தையோ இனத்தையோ சுல்தானையோ தொடுகிற பதிவை எழுதித் தரச் சொன்னால், நம் நாட்டின் நிலவரம் தெரியாத எந்திரம் துணிச்சலாக எழுதிக் கொடுக்கும். அழகாக இருக்கிறதே என்று புலனத்திலும் முகநூலிலும் போட்டுவிட்டால், 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் விசாரணைக்கு அழைக்கப்படுவது நீங்கள், செயலி அல்ல. எழுதித் தரமாட்டேன் என்று மறுக்கிற பாதுகாப்புப் பூட்டும் சின்ன மொழிகளில் தளர்ந்துதான் இருக்கிறது. 2023-ல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தில் கேட்டால் மறுக்கப்படுகிற ஆபத்தான கேள்விகளை சூலு, ஸ்காட்டிஷ் கேலிக் போன்ற மொழிகளில் மாற்றிக் கேட்டபோது, அன்றைய ஜிபிடி-4-ன் பூட்டு நூற்றுக்கு 79 தடவை திறந்துகொண்டது.

எது வசை என்பதும் ஊருக்கு ஊர் மாறும். இந்த நாட்டில் நம் ஆட்களைச் சுட்ட 'கிளிங்' என்று ஒருவர் சொன்னால் ரத்தம் கொதிக்கும். தமிழ்நாட்டுத் தமிழருக்கு அது எந்த உணர்ச்சியும் இல்லாத ஓசை. அவரை வைத்து வசைப் பட்டியல் தயாரித்தால் அது பட்டியலில் ஏறவே ஏறாது.

பண்பாடு என்ற போர்வையில் வேண்டாததும் உள்ளே வரும், அதற்கும் உஷார். பெண்ணுக்கு வரன் தேட விளம்பரம் எழுதித் தா என்றால் முதல் வரியிலேயே சாதிக்குக் கட்டம் போட்டுத் தருகிற செயலி, தமிழ்நாட்டுத் திருமணத் தகவல் தளங்களைப் படித்து வளர்ந்தது. இங்கே சாதி இல்லை என்று நான் பூசி மெழுகவில்லை, இருக்கிறது. பொதுவில் அதைக் கேட்கக் கூசுகிற அளவுக்காவது வந்திருக்கிறோம். அந்தக் கூச்சத்தையும் எந்திரம் துடைத்துவிடக் கூடாது. மறுபக்கம், மேலைநாட்டு மனப்பாங்கில் பழக்கிய மாதிரியிடம் தாய்மாமனைக் கட்டுவது பற்றிக் கேட்டால் ஒரே அதிர்ச்சியும் அறிவுரையுமாக இருக்கும். நம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவோ, நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடுத்துவிட்டு, இந்துக்களுக்கு அக்காள் மகள், தாய்மாமன் முறையை மட்டும் வழக்கப்படி விட்டுவைத்திருக்கிறது. மரபணு ஆபத்தைப் பற்றி டாக்டர் சொல்வதைக் கேட்பது வேறு. சட்டவிரோதம் என்று செயலி புளுகுவது வேறு. இந்த முறை நீடிக்க வேண்டுமா என்று நாம் சண்டை போட்டுக்கொள்ளலாம், போடவும் செய்கிறோம். அந்தச் சண்டையையும் சேர்த்துத்தான் பண்பாடு. ஒற்றை விடைத்தாளில் சண்டைக்குக் கட்டம் கிடையாது.

இனி உங்கள் வாசலுக்கு வரப்போகிற விஷயம். "தமிழ் பேசுபவரா? வீட்டிலிருந்தே மணிக்கு இத்தனை வெள்ளி" என்று புலனத்தில் வருகிற அழைப்புகளில் மோசடி பாதி. மீதியில் சில உண்மையான தரவுச் சேகரிப்பு. பாட்டியின் தாலாட்டு, தாத்தாவின் தோட்டத்துக் கதை, உங்கள் குரல், உங்கள் வீட்டுச் சடங்கின் படம் எல்லாவற்றையும் கேட்பார்கள். கொடுக்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைக்கு மட்டும்தான். முழுக்க வெளிநாட்டில் கையாளப்படுகிற தரவையும் அது பெரும்பாலும் தொடாது. 2024 திருத்தத்தில் உடற்கூற்று அடையாளத் தரவைக் கூடுதல் காவலுக்குள் கொண்டுவந்தது நல்லதுதான். ஆனால் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று ஆய்வுக்கென்று எடுத்துக்கொண்டு போகும் குரலுக்கு இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அங்கே உள்ள சட்டமும், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவமும்தான் துணை. அந்தப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதை வேறு விதமாகச் செய்தார்கள். தே ஹிக்கு என்ற அவர்களுடைய வானொலி நிறுவனம் 2018-ல் சொந்த மக்களை அழைத்து, பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் குரல் பதிவு திரட்டியது. பெரிய நிறுவனங்களுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. இந்தத் தரவு எங்கள் காவலில் இருக்கும், எங்களுக்குப் பயன்படாத காரியத்துக்குத் தரமாட்டோம் என்று தனி உரிமமே எழுதி வைத்தது. நம்மிடம் மின்னல் பண்பலையின் பல பத்தாண்டு ஒலி இருக்கிறது. 1956 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 150 கேள்வி எழுத ஒரு சனிக்கிழமை போதும். சங்கங்கள் ஆளுயர மாலைக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் சாப்பாட்டுச் செலவுக்கும் ஆயிற்று.

என்ன கேள்வி எழுதுவது? புரட்டாசி சனிக்கிழமை கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்துக்குப் போகிற வீட்டில் அன்றைக்கு என்ன சமையல். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் மலாய்க்கார அண்டைவீட்டாருக்கு எந்தக் கடைச் சாப்பாடு, எந்தத் தட்டில். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் எத்தனை மணிக்கு நடக்கிறது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சம்பளத்தோடு சேர்த்து, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றும், கள்ளுக்கடையை மூடு என்றும் ஏன் கேட்டார்கள். இதற்கெல்லாம் சென்னையில் விடை கிடைக்காது. ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று விடை சரி என்றால் மூன்றையும் எழுதி, எந்த ஊர், எந்தத் தலைமுறை என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பமும் தோட்டத்துக் குடும்பமும் ஒரே விடை சொல்லாது, பிரிக்பீல்ட்ஸில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தாலும்.

அதுவரை அன்றாடப் பாதுகாப்புக்கு: தமிழில் கேட்கும்போது முதல் வரியிலேயே "நான் மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். பதிலில் ரூபாய், ஆதார், தாசில்தார், ரேஷன் அட்டை என்று ஒரு சொல் தட்டுப்பட்டாலும் முழுப் பதிலையும் தூக்கிப் போடுங்கள். அது வேறு யாருக்கோ எழுதப்பட்டது. திருமணம், பிறப்புப் பதிவு, சேமநிதி, சொக்சோ, நிலம் ஆகியவற்றைச் செயலியிடம் கேட்டு முடிவு செய்யவே வேண்டாம். அதே கேள்வியை மலாயிலும் கேட்டு ஒப்பிடுங்கள், பிறகு இலாகாவுக்கே போய் உறுதிசெய்யுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

நாளை ஓர் ஆய்வாளர் தம்பியோ தங்கையோ மடிக்கணினியோடு வந்தால் விரட்ட வேண்டாம். உட்காரவைத்து ஒரு தே தாரேக் கொடுத்து, படிவத்தை வாங்கிப் பாருங்கள். பதில் சொல்பவரின் நாட்டையும் ஊரையும் எழுதக் கட்டம் இருக்கிறதா? மொழி: தமிழ் என்பதோடு முடிந்துவிட்டால், கட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லிப் பேனாவை மூடி வையுங்கள்.